கீழே காலி

அத்தியாயம் 7

பெர்லின் தன் மூச்சைக் கண்ணால் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"மேடம், இத யாரும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிரக் கூடாது. பீடி குடிக்கான்னு எங்க அம்மை சர்ச்சுல போய் அழுவா," என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை ஊதிப் பார்த்தான். வாடகைக்கு வாங்கிய ஜாக்கெட்டின் கை அவனுக்கு மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்துவிட்டது. முதுகில் 'பிகினர்' என்று கொட்டை எழுத்து.

உமாராணி சிரிக்கவில்லை. வழக்கமாக அவன் பேச்சுக்கு உதட்டோரமாவது அசைப்பாள். காலையில் காவல் நிலையத்தில் அம்மையப்பனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதுவும் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ தைத்துக்கொண்டு நின்றது. என்ன தைத்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் அதைத் தொடாமல் வேலையைப் பார்த்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளைத் துருவுகிற அந்தச் சின்ன ஆபீஸில் ஆட்கள் மொத்தமே இரண்டு பேர். உமாராணி மூளை, பெர்லின் வண்டி. பெர்லினைக் கேட்டால் மாற்றிச் சொல்வான்.

அபுதாபி வெயிலுக்கு நடுவே ஒரு பிரம்மாண்டமான குளிர்பெட்டி மாதிரி நின்ற அந்தப் பனிக்கூடத்தில், பொதுமக்கள் சறுக்கி விளையாடுகிற சரிவைத் தாண்டிக் கடைக்கோடியில் ஒரு செங்குத்தான பனிமேடு. அது விளையாட்டுக்கு இல்லை. இங்கே சம்பாதித்து ஜார்ஜியா மலைகளில் போய்ப் பாதை போடாத பனியில் சறுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, பனிச்சரிவில் சிக்கினால் எப்படிப் பிழைப்பது என்று சொல்லிக்கொடுக்கிற மேடு. போன வாரம் அந்த மேடே சரிந்தது. பனிச்சரிவைப் பற்றிப் பாடம் கேட்க வந்த ஆமிரா என்ற பெண்ணைப் பனிச்சரிவு மூடியது. தோண்டி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பெலும்பு மட்டும் இனி பழையபடி இருக்காது.

பழி கீழே நின்றவன் தலையில் விழுந்தது. பழி எப்போதும் கீழே நிற்பவன் தலையைத்தான் தேடி வரும், அதற்குப் பனியைவிட வேகம் அதிகம். புதுக்கோட்டைப் பக்கத்து அம்மையப்பன், ஒப்பந்தக் கூலி, மேட்டின் அடிவாரத்தில் ரேடியோவோடு நின்றவர். 'கீழே பாதை காலி, இறங்கலாம்' என்று அவர் ரேடியோவில் சொன்னதாகவும், அதைக் கேட்டுத்தான் ஆமிரா இறங்கியதாகவும் கூடத்து நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. அவரும் மறுக்கவில்லை. "தப்பு என்னோடது" என்று காவல் அதிகாரியிடம் இந்தியில் சொன்னதற்கு மேல் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் அவர் வாக்குமூலம் அரசு வக்கீலிடம் போகிறது. போய்விட்டால் சிறை, பிறகு ஊர், பிறகு வளைகுடாப் பக்கமே தலைவைக்க முடியாது.

உமாராணியும் காலையில் அவர் முகத்தைப் பார்க்கும்வரை அதைத்தான் நம்பினாள். ஒலிப்பதிவைக் கேட்காமல், நிர்வாகம் தந்த மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு நம்பினாள். அதுவே வெட்கக்கேடு. அதைவிடப் பெரிய வெட்கக்கேடு வேறு இருந்தது.

பனியை உழுது சமப்படுத்துகிற ராட்சத வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டுநர் மஹ்மூது கீழே குதித்தார். பாகிஸ்தானில் ஸ்வாத் மலைப்பக்கத்துக்காரர். அவருக்கு இந்தக் குளிர் குளிரே இல்லை போல, சட்டையின் மேல் பொத்தான் திறந்து கிடந்தது.

"பாய், சலாம்," என்று பெர்லின் இந்தியில் ஆரம்பித்தான். இத்தனை வருஷ வண்டி ஓட்டத்தில் சேர்த்த இந்தி. "அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"நான் நிற்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தேன். மேட்டுக்குப் பக்கத்திலேயே. ரேடியோவில் காலி என்று கேட்டது, பிரேக்கை மிதித்தேன். மிதித்த காலை எடுக்கவில்லை, மேடு இறங்கிவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் நானும் வண்டியோடு கீழே."

"கத்துனது அம்மையப்பன்தானா?"

"வேறு யார்? ஆனால் என்ன சொன்னான் என்று முழுதாகப் புரியவில்லை. மதராசியில் கத்தினான், இங்கே அவன் ஒருவன்தான் மதராசி. எனக்குப் பிடிபட்டது அந்த ஒரு சொல்தான். அங்கே வண்டி விட்டதே ஏஜே சார் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான். வகுப்பு வாத்தியார், ரொம்பக் கண்டிப்பு. எங்கே வண்டி விடலாம், எங்கே கூடாது என்று அவரே வந்து காலி காலி என்று தட்டிக் காட்டிவிட்டுப் போவார்."

பெர்லின் அத்தனையையும் தமிழில் சொல்லி முடித்துவிட்டு மூக்கைத் தேய்த்தான்.

"மேடம், எனக்கு ஒரு சின்ன சந்தேகமாக்கும். நம்ம ஆபீஸ் பார்க்கிங்ல செக்யூரிட்டி காலி காலின்னு கத்துனா நான் வண்டிய உள்ள விடுவேன். இந்த மனுசன் எதுக்குப் பிரேக்குல ஏறி நின்னாரு?"

உமாராணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பாதை காலி என்று கேட்ட ஓட்டுநர் பாதையிலேயே பிரேக் போட்டிருக்கிறார். அந்த இரண்டு பேர் ஆபீஸில் சில நேரம் வண்டிதான் மூளை.

"காலின்னா என்னன்னு கேளுங்க."

பெர்லின் கேட்டான். மஹ்மூதுக்குக் கேள்வியே விளங்கவில்லை. இதையெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல் பார்த்துவிட்டு, தன் வண்டியின் கதவை முஷ்டியால் குத்தினார். கதவு டொம் என்றது. பிறகு சக்கரப் பட்டையைக் குத்தினார். சத்தமே வரவில்லை.

"இது காலி," என்று கதவைக் காட்டினார். "இது காலி இல்லை. பனியும் அப்படித்தான். கோலால் குத்தும்போது டொம் என்றால் அடியில் ஒன்றுமில்லை, அங்கே ஏறாதே. இந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியுமே."

"நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாது," என்றாள் உமாராணி தமிழில்.

சரிந்தது போக மிச்சமிருந்த மேட்டின் ஓரம் வெட்டிய கேக் மாதிரி நின்றது. உமாராணி கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்தாள். மேலே ஒரு சாண் கனத்துக்கு இறுகிய பலகை. அதற்குக் கீழே தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. மணிமணியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல்.

பெர்லின் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தான். "சீனி மாதிரி இருக்கு, ஆனா இனிக்கல."

"இது தானா ஆகல. கீழ கை வச்சுப் பாருங்க."

மேட்டைத் தாங்கிய மேடைச் சுவரில் அவன் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான். வெதுவெதுப்பு. உள்ளே எங்கோ மோட்டார் அதிர்ந்தது.

"பம்ப் ரூம் மேலேயே மேட்டைக் கட்டியிருக்காங்க. மேல குளிர்காத்து, அடியில சூடு. அடிப்பனி ஆவியாகி ஏறி மறுபடி உறையும்போது இந்த மாதிரி ஒட்டாத மணியாயிடும். அதைக் கவனிக்காம மேல மேல புதுப்பனியைக் கொட்டி அழுத்தியிருக்காங்க. மலையிலயும் இப்படித்தான் ஆட்கள் சாவாங்க. மேல பார்த்தா பலகை மாதிரி உறுதியா இருக்கும். ஒரு ஆள் ஏறினா போதும், அடியில இருக்கிற சக்கரை நொறுங்கி, பலகை அப்படியே வழுக்கிட்டு வந்துடும்."

"அப்ப இது யாரு தப்பு?"

"கட்டினவன் தப்பு. காசு மிச்சம் பிடிச்சவன் தப்பு. ஆனா உள்ள உட்கார்ந்திருக்கிறது யாரு பாருங்க."

அவள் குரல் அந்தக் கூடத்தின் கூரைவரை போய்த் திரும்பியது. உமாராணிக்குக் கோபம் வருவதற்கு அதிக நேரம் பிடிக்காது. முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்ற காலத்திலிருந்தே அவள் கூடவே அது இருந்தது. ஆனால் இன்று அந்தக் கோபத்தை முழுசாக யார் மீதும் வீச முடியவில்லை. வீசப் போனால் அது வளைந்து தன்னிடமே வந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கதகதப்பான டீக்கடை மூலையில் உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்டார்கள். அதிகாரி இன்றுதான் அதை அனுப்பியிருந்தார். கரகரப்பு. காற்று. பிறகு அம்மையப்பனின் குரல், மூச்சு வாங்க:

"கீழ காலிடா… கீழ காலி…"

அதோடு ஒரு பெரிய இரைச்சல்.

பெர்லின் கப்பைக் கீழே வைத்தான். "நம்ம ஆளு தப்பிச்சாருல்லா மேடம். பனி காலின்னு எச்சரிக்கைதான் பண்ணியிருக்காரு. இத அந்த ஆபீசர்ட்ட சொன்னா முடிஞ்சுது. கலாஸ்."

"முடியாது. அவரே 'தப்பு என்னோடது'ன்னு சொல்றார். வாய் திறந்து 'நான் எச்சரிச்சேன்'னு ஒரு வரி சொன்னா வெளிய வந்துடலாம். ஏன் சொல்லல?" அவள் மறுபடியும் ஓட்டினாள். கீழ காலிடா. "பெர்லின், இந்தக் கூடத்துல வேற தமிழ் ஆள் யாரு?"

"மஹ்மூது பாய் சொன்னாரே, அவரு ஒருத்தருதான் மதராசின்னு."

"அப்ப ரேடியோவுல யார்கிட்ட தமிழ்ல கத்தினார்?"

உமாராணி மூன்றாவது முறை ஓட்டினாள்.

"பதறினா வாயில தாய்மொழி வரும்னு வச்சுக்குவோம்," என்றாள். "ஆனா அந்த 'டா'? அவர் ஒப்பந்தக் கூலி. அவருக்கு இங்க எல்லாரும் சார். தெரியாத ஆளை 'டா'ன்னு கூப்பிடுவாரா?"

"எங்க ஊர்ல 'லே'ன்னு கூப்பிட்டா ஒண்ணு சொந்தம், இல்லன்னா சண்டை. நடுவுல எதுவும் கெடயாது. 'டா'வும் அப்படித்தான் இருக்கும்."

"சண்டை இல்ல."

"அப்ப சொந்தம்."

இருவரும் கண்ணாடி வழியாகப் பனியைப் பார்த்தார்கள். விபத்தன்று மேட்டின் மேலே ரேடியோவோடு நின்றது ஒரே ஒரு ஆள்தான். ஏஜே. வகுப்பு வாத்தியார். ஆங்கிலம் தவிர எதுவும் பேசாதவர்.

"ஆஸ்பத்திரியில ஆமிரா என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?" என்றாள் உமாராணி. "ரேடியோவுல ஏதோ கேட்டது, ஏஜே சிரிச்சார், போன்னு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்பவே உறுத்திச்சு."

"ரெண்டெழுத்துல பேரு வச்சுக்கிட்டவங்கள நான் நம்புகதே இல்ல மேடம். இனிஷியல் எங்க போச்சு?"

உமாராணி டீயைக் குடிக்காமலே எழுந்தாள்.

ஏஜே தன் அறையில் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பதுக்குள் வயது. மலைவெயிலில் கறுத்த முகம், கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுப்பு. எல்லாக் கேள்விக்கும் அழகான ஆங்கிலத்தில் பதில் சொன்னார். பஹ்ரைனில் வளர்ந்தவர். ஈசா டவுனில் பள்ளிக்கூடம். ஜார்ஜியாவில் பனிச்சறுக்கு கற்றவர். அன்று கீழே நின்ற ஆள் பாதை காலி என்றான், அதை நம்பினேன், மிகவும் வருந்துகிறேன், நம் ஆட்களுக்கு இன்னும் நல்ல பயிற்சி தேவை.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று உமாராணியும் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஸாரி. ஒரு வார்த்தைகூட."

பெர்லின் உமாராணியின் பக்கம் சாய்ந்தான். வானிலை சொல்வதுபோல் சாதாரணக் குரலில் சொன்னான்:

"மேடம், சாருக்கு பேன்ட் ஜிப்பு தொறந்து கெடக்கு. நீங்க அந்தப் பக்கம் பாத்துகிடுங்க."

ஏஜேயின் கை சட்டென்று கீழே போனது.

ஜிப் மூடித்தான் இருந்தது. கை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அறையில் மெழுகு வாசனையைத் தவிர எதுவும் அசையவில்லை.

"ஒரு வார்த்தை தெரியாதுன்னாரு," என்றான் பெர்லின். "ஒரு வரியே புரிஞ்சிருக்கு. நல்ல முன்னேற்றம்."

உமாராணி நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டாள். இந்த முறை தமிழில் கேட்டாள்.

"உங்க இனிஷியல் என்ன?"

அவர் மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்தார்.

"ஏஜே வேண்டாம். போலீஸ் தாள்ல முழுப்பேரு அர்ஜுன்தானே? அதுக்கு முன்னால ஒரு எழுத்து இருக்குமே. ஸ்கூல்ல எழுதியிருப்பீங்க. என்ன எழுத்து?"

"ஏ," என்றான் அவன்.

"ஏ-ன்னா?"

அவன் மேசையைப் பார்த்துச் சொன்னான். "அம்மையப்பன்."

அர்ஜுனின் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயராக அது இருந்தது. போலீஸ் தாள்களில் குற்றம் சாட்டப்பட்டவர் பெயராகவும் இருந்தது. ஆனால் அரபியில் ஏறி இறங்குவதற்குள் நம் பெயர்களுக்கு அடையாளமே போய்விடும். இரண்டும் ஒரே பெயர் என்று யாரும் சேர்த்துப் படிக்கவில்லை. சேர்த்துப் படிக்கக்கூடிய இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அர்ஜுனின் தமிழ் சின்னப் பையனின் தமிழாக வந்தது. வளராமல், நடுநடுவே ஆங்கிலம் முட்டுக்கொடுக்க. அம்மா கனகா பஹ்ரைனில் நர்ஸ். அப்பா ருவைஸில், முசஃபாவில், எங்கெங்கோ தொழிலாளர் கேம்பில். லீவில் வந்து போகிற ஒருவர். அவர் வந்தால் ஸ்கூல் வாசலுக்கு வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைப்பானாம். ஜார்ஜியாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவன் பாதியில் விட்டுவிட்டு மலையில் நின்றுவிட்டான். இந்தக் கூடத்தில் வேலை கிடைத்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் கூலி ஆட்களை இறக்கிய பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார்.

"நான்தான் சொன்னேன். இங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னு. அவர் சரின்னார். அன்னிலேர்ந்து என்னை சார்னு கூப்பிட்டார்." அவன் தொண்டையைச் செருமினான். "யாரும் பக்கத்துல இல்லாதப்பகூட."

உமாராணிக்குக் காது சுட்டது. கல்லூரியில் சேரும்போது தகப்பனார் தொழில் என்று கேட்ட இடத்தில் அவள் 'ஆயில் கம்பெனி' என்று சொல்லியிருந்தாள். முசஃபாவில் ஒரு கராஜில் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர் அவள் அப்பா. எண்ணெய் அவர் நகக்கண்ணில் இருந்தது மட்டும் உண்மை.

அவள் குரலை மாற்றிக்கொண்டாள். கதவைத் திறந்துவிடுகிறவள் மாதிரி கேட்டாள்.

"சரி. அப்பா பதட்டத்துல தமிழ்ல கத்திட்டார். உங்க தமிழ் அரைகுறை. காலின்னா கீழ ஆள் இல்லைன்னு எடுத்துக்கிட்டீங்க. போன்னு சொல்லிட்டீங்க. அவ்வளவுதானே? இது ஒரு தப்பா புரிஞ்சுக்கிட்ட விஷயம். நீங்களும் குற்றவாளி இல்ல, அவரும் இல்ல."

அர்ஜுன் நிமிர்ந்தான். முகத்தில் ரத்தம் திரும்பியது. "ஆமா. எக்ஸாக்ட்லி. நான் எம்ப்டின்னு நினைச்சுட்டேன். நோ பீப்பிள். அப்படித்தான்."

"அது சரி," என்றான் பெர்லின். அவன் ஜன்னலோரம் சாய்ந்து நின்றிருந்தான். கையை மடக்கி, சாத்தியிருந்த இரும்பு அலமாரியை மெல்லக் குத்தினான். டொம். "மஹ்மூது பாய்கிட்ட நீங்க தட்டித் தட்டிக் காட்டுவியளாம். காலி, காலி, இங்க வண்டி கொண்டு வராதன்னு. அது எந்தக் காலி சார்?"

டொம். பெர்லின் இன்னொரு முறை குத்தினான்.

திறந்த கதவைத் தானே மூடிக்கொள்கிறவன் போல அர்ஜுன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்றாள் உமாராணி.

பதில் விரல்களுக்கு இடையிலிருந்து வந்தது.

"ரேடியோ எல்லாருக்கும் கேட்டுச்சு. கிளாஸ் முழுக்க என்னைப் பார்த்தாங்க. ஆமிரா கேட்டா, ஹூ இஸ் ஹீ டாக்கிங் டு? வாட்ஸ் தட் லாங்வேஜ்? உங்களையா கூப்பிடறார்ன்னு. எனக்கு… எனக்கு அந்த செகண்ட் பனி ஞாபகம் வரல. அந்த 'டா' மட்டும்தான் கேட்டுச்சு. சிரிச்சேன். நோ, நோ, கிளியர்னு சொல்றான், போன்னு சொன்னேன்." அவன் கையை இறக்கினான். "சொன்ன உடனே தெரிஞ்சுது. அவ அப்பதான் திரும்பினா. ஸ்டாப்னு ஒரு வார்த்தை போதும். ஸ்டாப்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. யாரு அவர்னு கேப்பாங்க. வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு."

"வந்து?"

"வரல."

தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. சரியாகப் புரிந்துகொண்டு தப்பாக மொழிபெயர்த்திருக்கிறான். அப்பாவை ஒரு கூட்டத்துக்கு முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு ஒரு பெண்ணைப் பனிக்குள் அனுப்பியிருக்கிறான். அது தெரிந்துதான் அம்மையப்பன் கூண்டுக்குள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் உமாராணி வழக்கமாக நாலு வார்த்தை கேட்பாள். கேட்டால் எதிராளி இரண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டான். பெர்லின் அதை எதிர்பார்த்துக் கதவுப்பக்கம் ஒதுங்கிக்கூட நின்றான்.

அவளால் கேட்க முடியவில்லை.

காலையில் காவல் நிலையத்தில் அம்மையப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, நீங்க நம்ம பக்கமாம்மா?" என்று கேட்டார். அந்த மனுஷருக்கு அந்த அறையில் பிடித்துக்கொள்ள அந்த ஒரு கேள்விதான் இருந்தது. அதிகாரி பக்கத்தில் நின்றார். உமாராணி பேனாவைத் திறந்தபடி, "ஸாரி, நோ டமில். இங்கிலீஷ் ப்ளீஸ்," என்றாள். கேம்ப் ஆட்களோடு தன்னையும் ஒரு ஆளாக அந்த அதிகாரி எண்ணிவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம். பெர்லின் அப்போது வாசலில் நின்றான். அவன் கேட்டிருந்தான். அதைப்பற்றி இதுவரை அவன் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. எல்லாவற்றையும் கிண்டல் செய்கிற ஒருவன் ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் அதன் கனம் தனி.

"ஜாக்கெட்டைப் போட்டுக்குங்க," என்றாள் அர்ஜுனிடம். "வேண்டாம், வெளிய வெயில். அப்படியே வாங்க."

"எங்க?"

"உங்க இனிஷியலைப் பார்க்க."

காவல் நிலையத்தில் பெர்லின் காலையைப் போலவே வாசலில் நின்றுகொண்டான். அதிகாரி மரியாதையான மனிதர். தாள்களை ஏற்கெனவே உறையில் போட்டு வைத்திருந்தார். உமாராணி சொன்ன பனி, பம்ப் அறை, காலி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "எல்லாம் நல்ல ஊகம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆள் அவர். இந்த இளைஞர் அவருடைய மகன் என்றால் அதை அவர் சொல்லட்டும்."

அம்மையப்பனைக் கூட்டி வந்தார்கள். நரைத்த குட்டை முடி. குளிர்க்கூடத்துக் கம்பளிக் காலுறை இன்னும் காலில் இருந்தது. அர்ஜுனைப் பார்த்ததும் அவர் உடம்பு தானாக விறைத்தது, சூப்பர்வைசர் வந்தால் விறைப்பதுபோல.

"இவரைத் தெரியுமா?" என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

"மாலூம் மாஃபி சார், தெரியாது," என்றார் அம்மையப்பன். யோசிக்கவே இல்லை. பிறகு, அது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, சேர்த்துக்கொண்டார். "அங்க வாத்தியார் சார். படா ஆத்மி, பெரிய மனுசர். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அர்ஜுன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. மேட்டின் மேல் நின்ற அதே ஆள்தான். அதே வாய். உமாராணிக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில், தான் சொல்லாமல் விட்ட ஒன்றும் தன் தொண்டையில் அங்கேயே நிற்பது தெரிந்தது.

"அப்பா," என்றான் அர்ஜுன்.

அம்மையப்பன் தரையைப் பார்த்தார். "சார் யாரையோ கூப்புடுறாரு."

"அப்பா. ரேடியோல கூப்பிட்ட மாதிரி கூப்பிடுப்பா."

அம்மையப்பன் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். உமாராணியை ஒரு பார்வை பார்த்தார். இந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இந்த அறையில் யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதி அவர் முகத்தில் பட்டவர்த்தனமாக வந்து உட்கார்ந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவர் மகனிடம் தணிந்த குரலில் பேசினார்.

"போடா. கிறுக்குப் பயலே, எதுக்குடா இங்க வந்த? இவங்க யாருக்கும் நம்ம பேச்சு வெளங்காது. ஒண்ணும் ஒத்துக்காம கெளம்பிப் போயிரு. அந்தப் புள்ள இடுப்பு தேறட்டும், அதப் போய்ப் பாத்துக்க. உள்ள இருக்கதுக்கு நான் போதும். உன்னைய டான்னு கூப்புட்டது என் தப்புடா. போடா, அப்பா பாத்துக்கறேன்."

அர்ஜுன் நகரவில்லை.

காலியை விளக்கியவள் இவள்தானே என்று அதிகாரி உமாராணியின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

அம்மையப்பனும் அவளைப் பார்த்தார், பயமே இல்லாமல்.

"ஐயா," என்றாள் உமாராணி. தமிழ் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "எனக்குத் தமிழ் தெரியும்யா. நம்ம பக்கம்தான், பெரம்பலூர். காலையிலயும் தெரியும்."

அவர் அவளைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஏமாந்துபோன ஒரு மனுஷன் பார்க்கிற மாதிரிகூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் பழக்கப்பட்டதுதான் என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதிகாரி காத்திருந்தார். பேனா கையில் இருந்தது. உமாராணி அந்தப் பேச்சை முதலிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் அடுக்கிப் பார்த்தாள். போடா என்பதற்கு வெளியே போ என்று எழுதலாம். நிர்வாகத்து ஆள் காலிக்குப் பாதை காலி என்று எழுதிய மாதிரி, அதுவும் சரியான மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும்.

"இவன் என் மகன் என்கிறார்," என்றாள்.